இரண்டு வாசல், இரண்டு பதில்

என் அம்மா மௌரீனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்பா முந்திக்கொள்வார். "கவர்ன்மென்ட்டுல ரெண்டு கதவு இருக்கு. அது ரெண்டையும் பேச வைக்கிற வேலை. பத்து வருஷமா பேசல."

அப்பா ட்ரேவர் ஆட்டோ ஓட்டுகிறார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். ஆனால் இந்த வாக்கியத்தில் பொய் இல்லை. அம்மாவின் கழுத்துப் பட்டையில் தொங்கிய அட்டையில் கோஆர்டினேட்டர் என்று எழுதியிருந்தது. ஒப்பந்த வேலை. மனநோய் வந்தவர்களையும், குடி, கஞ்சா, ஒயிட்னர் என்று மாட்டிக்கொண்டவர்களையும் தெருவிலிருந்து கூட்டிப்போய், அரசாங்கம் அவர்களுக்கென்று திறந்து வைத்திருக்கும் இடங்களில் சேர்த்துவிட வேண்டும். கல்யாணத் தரகர் வேலை மாதிரிதான். ஒரு வித்தியாசம், இதில் எல்லா மாப்பிள்ளை வீட்டாரும் பெண்ணைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார்கள்.

அம்மா தினமும் போன ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். அங்கே ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடங்கள். இடது பக்கம் மனநலப் பிரிவு. வலது பக்கம் போதை மீட்பு வார்டு. நடுவில் ஒரு சுவர், அதன் தலையில் உடைந்த கண்ணாடி. சுவரில் ஒரு இரும்புக் கதவும் உண்டு. பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்று இடது பக்கம் கேட்டால் வலது பக்கம் கையைக் காட்டுவார்கள். வலது பக்கம் கேட்டால் "நம்ம கிட்ட எல்லிருத்தே மேடம்", எங்களிடம் ஏது என்று கன்னடத்தில் சிரிப்பார்கள். அதனால் இந்தக் கட்டடத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்குப் போக மெயின் கேட் வழியாக ரோட்டுக்கு வந்து, இளநீர்க்காரரைத் தாண்டி, வளாகத்தையே சுற்றிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். அந்தச் சுவரைச் சுற்றி அம்மா நடந்த தூரத்தை நேர் ரோட்டில் நடந்திருந்தால் பல தடவை வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பியிருப்பாள். மாதாவாவது ஏதாவது கொடுத்திருப்பார்.

இடது பக்கத்தின் சட்டம்: "குடிச்சிட்டு வந்திருக்கான். முதல்ல குடியை நிறுத்திட்டு வரச் சொல்லுங்க."

வலது பக்கத்தின் சட்டம்: "காதுல குரல் கேக்குதுங்கிறான். முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வரச் சொல்லுங்க."

தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே நியாயமாகத்தான் தெரியும். ஆனால் குரல் கேட்கிறது என்றுதான் அந்த ஆள் குடிப்பான். குடித்தால் கொஞ்ச நேரம் குரல் அடங்கும், விடிந்ததும் இரண்டு மடங்காக வரும். இரண்டு வியாதியும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே ஆளாகத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அதைப் பாதியாக வெட்டி ஆளுக்கொரு கட்டடத்துக்கு அனுப்ப அம்மாவிடம் கத்தி இல்லை.

எனவே அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். வாசலுக்கு ஒரு பதில். இடது வாசலில் குடியைப் பற்றி மூச்சு விடக்கூடாது. வலது வாசலில் குரலைப் பற்றி மூச்சு விடக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல வேண்டியவர்கள் தன் பேரைச் சொல்லவே திணறுகிறவர்கள். அதனால் ஒத்திகை தேவைப்பட்டது.

சனிக்கிழமை மத்தியானம், மர்பி டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒத்திகை நடக்கும். அப்பாதான் டாக்டர். அம்மாவின் படிக்கிற கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொள்வார். கழுத்தில் என் பழைய ஸ்கூல் டை. பத்தாவது கணக்கு என்னை விட்டுவிட்ட பிறகு அந்த டைக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். வந்தவர் எதிரே முக்காலியில் உட்கார வேண்டும். அப்பா முதலில் அதட்டிக் கேட்பார். அதில் யாரும் விழ மாட்டார்கள். அப்புறம் குரலை இறக்கி, தேன் தடவி, "பயப்படாதேப்பா, என்கிட்ட எல்லாத்தையும் சொல்லலாம்" என்பார். அதுதான் கண்ணி. பாதிப் பேர் அதில் விழுந்து, பாவமன்னிப்புக் கேட்கிறது போல எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். உடனே அப்பா கரண்டியால் தட்டைத் தட்டி "அவுட்!" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்போம். விழுந்தவரும் சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்காமல், "மறுபடி மொதல்லேர்ந்து" என்பாள்.

"மம்மி, இது பொய்தானே?" என்று ஒரு தடவை கேட்டேன். யோக்கியத்தால் அல்ல, வம்புக்கு.

"பொய் இல்லடி, பாதி உண்மை. அவங்க பாதி மனுசனுக்குத்தானே வார்டு கட்டி வச்சிருக்காங்க? அப்ப பாதி மனுசனைத்தான் அனுப்ப முடியும்."

இந்த வழியில் எத்தனையோ பேர் உள்ளே போனார்கள். சிலர் தேறினார்கள். ஒரு பெண் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு கல்கல் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சம் கருகியிருந்தது. அம்மா ஒன்றைக்கூட எங்களுக்குத் தராமல் தானே தின்றாள்.

ஓஸ்வால்ட் அப்படித்தான் எங்கள் முக்காலிக்கு வந்தார்.

அவர் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியில் அடுப்படி ஆள். பன், ரஸ்க், கிறிஸ்துமஸ் காலத்தில் பிளம் கேக். சின்ன வயதிலிருந்து அதே அடுப்பு. ஒருநாள் அடுப்புக்கு மேலே சுற்றுகிற எக்ஸாஸ்ட் ஃபேனிலிருந்து ஒரு பொம்பளைக் குரல் அவர் செய்த தப்பையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தது. உப்பு அதிகம், கை கழுவவில்லை, ட்ரேயைத் திருப்பவில்லை.

"என்ன பாஷைல பேசுது ஓஸி?" என்று அம்மா கேட்டாள்.

"கன்னடத்துலக்கா. பாதி புரியல. அதான் இன்னும் பயமா இருக்கு. புரியாத பாதில என்னத்தைச் சொல்லுதோ."

"கத்துக்கடா கத்துக்கடான்னு ஊரே சொல்லிச்சு. கேட்டியா நீ?" என்றார் அப்பா.

ஓஸ்வால்ட் விழுந்து விழுந்து சிரித்தார். கைகள் மட்டும் சிரிக்காமல் தனியாக நடுங்கின. காலையிலேயே ஒரு நைன்ட்டி மில்லி மது பாக்கெட்டை வாயில் கவிழ்த்தால்தான் அந்தப் பொம்பளை வாயை மூடுவாள் என்று அவர் கண்டுபிடித்து ரொம்ப நாளாகியிருந்தது. பேக்கரியில் இன்னொரு கண்டுபிடிப்பு செய்தார்கள், அவர் இல்லாமலும் பன் உப்புகிறது என்று. அனுப்பிவிட்டார்கள்.

அவர் தன் அக்கா பியாட்ரிஸ் வீட்டில்தான் இருந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒன்றரை அறை. பியாட்ரிஸ் ஆன்ட்டி ஒரு ஸ்கூலில் ஆயா. மகனும் மருமகளும் அதே வீட்டில். மருமகள் பிரசவத்துக்குத் தங்கவயலுக்குப் போயிருந்தாள். அவள் போன கொஞ்ச நாளில் ஓஸ்வால்ட் மத்தியானத் தூக்கத்தில் எழுந்து, பேக்கரியில் இருக்கிறோம் என்ற நினைப்பில் ஒரு வெறும் தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போய் மறுபடி படுத்துக்கொண்டார். பக்கத்தில் கொடியில் கிடந்த துணியெல்லாம் பற்றிக்கொண்டது. அடுத்த வீட்டுக்காரர்கள் வாளி வாளியாக ஊற்றி அணைத்தார்கள்.

அன்று சாயங்காலம் பியாட்ரிஸ் ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மௌரீனு, அவன் என் தம்பி. எங்கம்மா செத்தப்ப அவனை இடுப்புல வச்சுக்கிட்டுதான் நான் ஸ்கூலுக்குப் போனேன். ஆனா அந்தப் பச்சப்புள்ளைய அதே ரூம்புல படுக்க வைக்க எனக்குத் தைரியம் இல்ல. ஈஸ்டர் கழிச்சு மருமக வரா. அதுக்குள்ள இவனுக்கு ஒரு பெட்டு வாங்கிக் குடு. இல்லன்னா அவன் பெட்டியத் தூக்கி வெளிய வைக்கிற பாவத்தை நான்தான் பண்ணணும்."

"வாங்கித் தரேன்" என்றாள் அம்மா. அவள் சாதாரணமாக அப்படிச் சொல்ல மாட்டாள். "பாக்கலாம்" என்பதுதான் அவள் வழக்கம்.

ஓஸ்வால்ட் மாதிரி ஒரு மாணவர் அந்த முக்காலிக்கு வந்ததே இல்லை. இரண்டே சனிக்கிழமையில் இரண்டு பதில்களும் அத்துப்படி. அப்பா தேன் தடவிய குரலில் எத்தனை விதமாகக் கண்ணி வைத்தாலும் விழவில்லை. நடுங்குகிற கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள் என்று அம்மா சொல்லிக் கொடுத்ததை, டாக்டரே அசந்துபோகிற மாதிரி இயல்பாகச் செய்தார். "ஓஸி, நீ அடுப்படிக்குப் போனதே தப்பு. நாடகத்துக்குப் போயிருக்கணும்" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ஓஸ்வால்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பல வருஷமாக அவர் தப்பை மட்டும்தான் யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒருவர் சபாஷ் என்கிறார்.

முதலில் இடது வாசல். டாக்டர் சௌம்யா, சேலத்துக்காரர், பொறுமையானவர். குரல் கேட்கிறது என்று ஓஸ்வால்ட் சொன்னார். குடி? சே, அந்த வாசனையே ஆகாது. வார்டில் இடம் கொடுத்தார்கள். நைன்ட்டி கிடைக்காத உடம்பு மூன்றாம் நாள் உதறி எடுத்தது. நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. முதலில் குடியை நிறுத்திட்டு வாப்பா என்று வெளியே அனுப்பினார்கள்.

அடுத்து வலது வாசல். டாக்டர் ரகுராம். குடி உண்டு சார், விடணும் சார். குரலா? அப்படின்னா என்ன சார்? படுக்கை கிடைத்தது. உடம்பு தெளியத் தெளிய அந்தக் கன்னடக்காரியும் தெளிந்துகொண்டு வந்தாள். ஒரு காலை, வார்டு ஃபேனைப் பார்த்து, "உப்பு நான் போடல, நான் போடல!" என்று ஓஸ்வால்ட் கத்தியதில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து ஓடினார்கள். சுவரைச் சுற்றிக்கொண்டு மறுபடி இடது பக்கம். இடது பக்கம் படுக்கை காலி இல்லை.

வெளியே வரும்போதெல்லாம் அவர் அம்மாவிடம் ஒன்றேதான் கேட்டார். "நான் சரியாத்தானேக்கா சொன்னேன்?"

"நல்லாச் சொன்ன ஓஸி. உம்மேல தப்பில்ல."

இதற்கெல்லாம் ஒரே மருந்து என்று அம்மா ரொம்ப நாளாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே மேசை. இரண்டு டாக்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆள் ஒரு தடவை வர வேண்டும், முழு ஆளாக வர வேண்டும். எந்தப் படுக்கை என்று அவர்களே அங்கேயே பேசி முடிவு செய்ய வேண்டும். இதற்காகத் திட்ட அலுவலகத்தில் கோவிந்தப்பா என்ற மேற்பார்வையாளரின் அறைக்கு வெளியே அம்மா உட்கார்ந்த நாட்களுக்குக் கணக்கே இல்லை. கோவிந்தப்பா கெட்டவர் கிடையாது. சிரித்த முகம். எதைக் கேட்டாலும் "நோடோணா மேடம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். "நோடோணா நோடோணான்னே ரெண்டு எலெக்‌ஷன் போயிடுச்சு" என்பார் அப்பா. ஒரு மத்தியானம் கோவிந்தப்பாவின் குரலில் அம்மாவுக்கு போன் போட்டு "மேடம், மேசை ஓகே" என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தக் குரல் எனக்கு அச்சு அசலாக வரும். நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். சில சந்தோஷங்களை விளையாட்டுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.

ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய அந்த லென்ட் காலத்தில் மேசை நிஜமாகவே வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், புதிதாக ஏதாவது காட்ட வேண்டும் என்று தேடியபோது கோவிந்தப்பாவுக்கு அம்மா ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு வியாழக்கிழமை, குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம், தொடக்க விழா. முதல் ஆள் யார் என்று கேட்டதற்கு அம்மா யோசிக்கவே இல்லை. ஓஸ்வால்ட்.

சமோசா உண்டு என்று கேள்விப்பட்டு நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். ஓஸ்வால்டுக்கு அம்மா அப்பாவின் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்க்கிற ஆள் மாதிரி இருந்தார்.

"ஓஸி, இங்க பாரு" என்றாள் அம்மா. "இன்னிக்கு வேற மாதிரி. ரெண்டு டாக்டரும் ஒண்ணா இருப்பாங்க. எதையும் ஒளிக்க வேணாம். குரலையும் சொல்லு, குடியையும் சொல்லு. எல்லாத்தையும் சொல்லலாம். புரியுதா?"

"புரியுதுக்கா" என்று ஓஸ்வால்ட் ஒரு கண்ணைச் சிமிட்டினார். அப்பா அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆள் குஷியா இருக்கான்" என்றார். நாங்களும் குஷி என்றுதான் நினைத்தோம்.

அங்கே போய்ப் பார்த்தால் சுவரின் இரும்புக் கதவு திறந்திருந்தது. ரிப்பன் வெட்ட வேண்டுமே, அதற்குச் சாவி கிடைத்துவிட்டது. மேசையை விடப் பெரிய பேனர். அதில் எல்லோர் முகமும் இருந்தது, அம்மாவுடையதைத் தவிர. பெரிய அதிகாரி நடுவில், டாக்டர்கள் இரண்டு பக்கமும். கோவிந்தப்பா எல்லோருக்கும் பின்னால் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் ஓஸ்வால்ட். தினம் நூறு பேரைப் பார்க்கிற டாக்டர்களுக்கு, இஸ்திரிச் சட்டையில் அவரை அடையாளம் தெரியவில்லை. அம்மா சுவரோரமாக நின்றாள்.

டாக்டர் சௌம்யா முன்னால் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "ஓஸ்வால்ட், பயப்படாதீங்க. இங்க எல்லாத்தையும் சொல்லலாம். குரல் எதுவும் கேக்குதா இப்ப?"

ஓஸ்வால்ட் திரும்பி அம்மாவைப் பார்த்தார். ஒரு சிரிப்பு. கைகள் அழகாகத் தொடைக்கு அடியில் போயின.

"குரலா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டரம்மா."

"குடி?" என்றார் டாக்டர் ரகுராம்.

"சே சே. அந்த வாசனையே நமக்கு ஆகாது சார்."

"நிஜமாவா?"

"மாதா சத்தியமா சார். நல்லாத் தூங்கறேன், நல்லாச் சாப்புடறேன். உங்க புண்ணியம்."

பெரிய அதிகாரி கை தட்டினார். அவர் தட்டினால் எல்லோரும் தட்ட வேண்டும். "ஃபர்ஸ்ட் கேஸே சக்ஸஸ் சார்!" என்று கோவிந்தப்பா குதித்தார். ஒருவன் கேமராவோடு ஓடிவந்தான். ஓஸ்வால்டை எழுப்பி இரண்டு டாக்டர்களுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சபாஷ் எங்கே என்று.

அம்மாவுக்கு முதலில் புரிந்தது. எனக்கு அப்புறம். எல்லாத்தையும் சொல்லலாம் என்று தேன் தடவிச் சொல்கிறவரிடம் எதையும் சொல்லக் கூடாது. அதைத்தானே அவருக்கு எங்கள் வீட்டில் கரண்டியால் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தோம். ஆட்டோவில் அம்மாவே அதைச் சொன்னதும் அவர் அதைக் கடைசி ஒத்திகை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். இரண்டு வாசலும் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு பதிலையும் ஒன்றாகச் சொன்னார். கணக்கு சரிதான்.

பெரிய அதிகாரி சமோசா பக்கம் நகர்ந்ததும் அம்மா மேசைக்கு ஓடினாள்.

"டாக்டர், அவன் சொன்னது உண்மை இல்ல. குரல் இருக்கு. குடியும் இருக்கு. இன்னிக்குக் காலைல கூட ஒரு பாக்கெட் போட்டுட்டுத்தான் வந்திருப்பான். அவனை இப்ப உள்ள எடுங்க, தயவு செஞ்சு."

"பின்ன ஏன் இல்லைங்கிறாரு?" என்றார் டாக்டர் ரகுராம்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் ஓஸ்வால்ட் முந்திக்கொண்டார். "ஏன்க்கா? நான் சரியாத்தானே சொன்னேன்? ட்ரேவர் அண்ணன் டாக்டரா இருந்து கேட்டப்ப சொன்னதை விட இன்னிக்கு நல்லாச் சொன்னேன்ல?"

கோவிந்தப்பா கடித்த சமோசாவோடு இந்தப் பக்கம் வந்தார்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் அம்மா. "அவனுக்கு மட்டும் இல்ல. இங்க குடியச் சொன்னா எடுக்க மாட்டீங்க, அங்க குரலச் சொன்னா எடுக்க மாட்டாங்க. வேற எப்படி உள்ள விடறது?"

"நீங்க அனுப்பின எல்லாரும் இப்படித்தானா?" என்று டாக்டர் சௌம்யா கேட்டார்.

"ரொம்பப் பேர்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் அவரை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "மௌரீன் மேடம், குடிக்கலைன்னு நம்பித்தான் நான் மாத்திரை எழுதறேன். அதுல சிலது குடியோட சேர்ந்தா தூக்கத்துலயே மூச்சு நின்னுடும். நீங்க அனுப்பினவங்கள்ல யாருக்காவது அப்படி ஆகியிருந்தா, எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எந்த வாசலுக்கும் ஒரு பதில் வைத்திருந்தவள் என் அம்மா. திரும்பி வராதவர்கள் எல்லாம் தேறிவிட்டார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். நாங்களும்தான்.

"சரி, அதை அப்புறம் பேசுவோம்" என்றார் டாக்டர் ரகுராம். "இவருக்கு எங்க வார்டுல ஒரு பெட் இருக்கு. நீங்க தினமும் வந்து பாத்தீங்கன்னா..." என்று டாக்டர் சௌம்யா பக்கம் திரும்பினார். அவரும் தலையாட்டினார். அம்மா பத்து வருஷமாகக் காத்திருந்த பேச்சு அது. அவள் கண் முன்னால் நடந்தது.

கோவிந்தப்பாதான் நடுவில் கையை நீட்டினார். "ஏனு சார் இது? சாஹேப்ரு முன்னாடி சக்ஸஸ்னு சொல்லியாச்சு. ஃபோட்டோ போயாச்சு. இப்ப அதே ஆளை அட்மிட் பண்ணா என்னன்னு ரிப்போர்ட் மாடோது? அடுத்த மாசம் டேபிளுக்கு வரட்டும். நோடோணா."

பெரிய அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார். டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் தங்கள் பேனாவைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் அம்மாவின் வேலையை நிறுத்தி வைத்தார்கள். அவள் அனுப்பியவர்களை எல்லாம் திரும்ப விசாரிக்கும் வரை அவள் சொல்லி யாரையும் எடுப்பதில்லை என்று இரண்டு கட்டடங்களும் முடிவு செய்தன. இரண்டும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அதுதான். "பேச வச்சுட்ட மௌரீன்" என்றார் அப்பா. சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே அவருக்கே தெரிந்துவிட்டது. வெளியே போய் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தார், ஏற்கெனவே துடைத்த ஆட்டோவை.

அம்மா தனியார் இல்லங்களைக் கேட்டாள், கன்னியாஸ்திரிகளைக் கேட்டாள், பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு பாஸ்டர் நடத்துகிற ஜெப வீட்டைக்கூடக் கேட்டாள். இந்த முறை எல்லா இடத்திலும் முழு உண்மையைச் சொன்னாள். எல்லா இடத்திலும் முழு உண்மைக்குக் கதவைச் சாத்தினார்கள். எங்கள் முன்னறையில் படுக்கட்டும் என்று அப்பா சொன்னார். ஓஸ்வால்ட் வரமாட்டேன் என்றுவிட்டார். "உங்க வீட்டுலயும் ஃபேன் இருக்குக்கா" என்றார்.

ஈஸ்டர் வந்தது, போனது. மருமகள் வருகிற அன்று காலை பியாட்ரிஸ் ஆன்ட்டி எங்கள் வாசலில் வந்து நின்றாள். செருப்பு இல்லை.

"நான் வைக்கல மௌரீனு" என்றாள். "அவன் பெட்டிய நான் வெளிய வைக்கல. சத்தியமா. எழுந்து பாத்தா அவனே போயிட்டான். பெட்டியக்கூட எடுத்துக்கல. அடுப்ப நல்லாத் தொடச்சு, சிலிண்டரை மூடிட்டுப் போயிருக்கான்டி."

அப்பா ஆட்டோவைக் கிளப்பினார். அல்சூர் ஏரிக்கரை, மார்க்கெட், சாராயக் கடை வாசல்கள், பிரேசர் டவுன் பேக்கரி. காட்டுவதற்கு ஒரே ஒரு போட்டோதான் இருந்தது. விழாவில் எடுத்தது. அதில் வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக இரண்டு டாக்டர்களுக்கு நடுவில் மூன்றாவது டாக்டர் போல நின்றார். பிளாட்பாரத்தில் படுத்திருந்த ஒரு பெரியவர் போட்டோவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஆபீசருங்க இங்க எதுக்கும்மா வரப்போறாங்க?" என்றார்.

கடைசியில் ஸ்டேஷனுக்குப் போனோம். காணாமல் போனவர் பற்றிய புகார். கான்ஸ்டபிள் தமிழில்தான் பேசினார், ஓசூர்ப் பக்கத்துத் தமிழ்.

"ஆள் எப்படி? மென்டலா, குடியா?"

"ரெண்டும்" என்றாள் அம்மா.

"ரெண்டும்னு எழுத முடியாதும்மா. ஒண்ணு சொல்லுங்க."

அம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மென்டல் என்றால் ஏன் வெளியே விட்டீங்க, வீட்டாளுங்க யாரு, ஆஸ்பத்திரி சீட்டு எங்கே என்று கேட்பார்கள். குடி என்றால் தேட மாட்டார்கள். எந்தப் பதிலுக்கு எந்தக் கதவு என்று இந்த ஊரில் அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவள் மனதுக்குள் இரண்டையும் நிறுத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் அதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

"ரெண்டும்தான் சார்" என்றாள் மறுபடி. "எழுதுங்க. ரெண்டும்."

கான்ஸ்டபிள் பெருமூச்சு விட்டுக் குடி என்று எழுதிக்கொண்டார். "குடிகாரங்க ரெண்டு நாள்ல தானா வந்துடுவாங்கம்மா. கவலைப்படாதீங்க. வீட்டுக்குப் போங்க" என்று நல்ல மாதிரியாகவே சொன்னார்.

ஓஸ்வால்ட் அங்கிள் இன்னும் வரவில்லை. பியாட்ரிஸ் ஆன்ட்டியின் பேரக்குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. மேசை இரண்டு மாதம் நடந்தது, அப்புறம் பேனரைக் கழற்றிவிட்டார்கள், இரும்புக் கதவைப் பூட்டிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் இன்னும் யாராவது பிள்ளையையோ புருஷனையோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருகிறார்கள். அம்மா அவர்களை உட்கார வைத்து டீ கொடுக்கிறாள். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால், "உள்ளதைச் சொல்லுங்க" என்கிறாள். அவர்கள் போய்ச் சொல்கிறார்கள். இரண்டு வாசலிலும் திருப்பி அனுப்பப்பட்டு வருகிறார்கள். போன வாரம் ஒரு அம்மாள் எங்கள் வீட்டு முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

அம்மா கதவைச் சாத்தவில்லை. அந்த அம்மாள் தெருமுனை திரும்பும் வரை நின்று கேட்டுவிட்டு, உள்ளே வந்து துடைப்பத்தை எடுத்தாள்.